புல்லாங்குழல் இல்லாமல்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் துளசிமணிக்குப் பயம். கதை மறந்துபோகும் என்ற பயம் இல்லை. டிவியில் ஏழரை மணி நாடகத்தில் யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள், பொல்லாத மாமியாரின் முகத்தைக் காட்டும்போது எந்த இடியில் அந்த முகம் கறுப்பு வெள்ளையானது, எல்லாம் அவளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். காலையில் பல் விளக்கும்போதே ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள், சோற்றை டப்பாவில் அடைக்கும்போது இன்னொரு தரம். கம்பெனி வாசலுக்கு வந்து சேரும்போது கதை நன்றாக ஊறி, எடுத்துப் பரிமாறினால் போதும் என்ற பதத்தில் இருக்கும். இன்றைக்கும் பதமாகத்தான் இருந்தது. அதுதான் பயம். வாசலில் விரல் வைக்கிற மெஷினில் விரலை வைத்தாள். வேர்வை ஈரத்தில் அது இவளை யாரோ என்றது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நீ துளசிமணிதான், உள்ளே போ என்று பச்சை விளக்கு எரிந்தது. துளசிமணிதானா? கதை சொல்கிற துளசிமணிக்கு விரல் வேர்க்காதே. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் துள்ளிக்கொண்டிருந்தது; சந்தைக்குப் போகிற பிள்ளையின் கால்போல ஒரு துள்ளல். அது என்ன என்று அவளுக்கே பிடிபடவில்லை. பயந்தவளுக்கு எதற்கு இத்தனை குஷி?

செக்கிங் ஹாலில் டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி விழித்துக்கொண்டன. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கா பஞ்சம்? ஆனால் கதை கேட்டுக்கொண்டே வேலை செய்கிற மேஜை தங்களுடையது ஒன்றுதான் என்று இங்கே உட்காரும் பெண்களுக்கு ஒரு பெருமை. தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, தையல் முனையில் தொங்கும் நூல் பிசிறைக் கத்தரித்து அடுக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, காது சும்மா கிடக்கும். மற்றவர்கள் எல்லாரும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். வீடு போய்ச் சேருவதற்குள் நாடகம் முடிந்திருக்கும். துளசிமணிக்கு வீடு கம்பெனிக்குப் பின்தெருவில். நடந்து போய் உலை வைத்து டிவியைப் போட்டால் சரியாக இருக்கும். அதனால் முதல் நாள் கதையை மறுநாள் காலையில் அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை அவள் முன்னால் குவிந்த பனியன் பீஸில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவர்கள் பிசிறு வெட்டிக் கொடுக்க வேண்டும். யாரும் பேசி வைக்காமல் தானாக வந்த ஏற்பாடு. அவளும் வெறுங்கதை சொல்கிறவள் இல்லை, சங்கீதத்தோடு சொல்லுவாள். கெட்டவள் வந்தால் நாக்கை மடக்கி டொய்ங் என்பாள். திடுக்கிடுகிற இடத்தில் மேஜையைத் தட்டி இடி இடிப்பாள். மனசு இளகி நல்லவர்கள் ஒன்றுசேரும் இடத்தில் மூக்கினாலேயே புல்லாங்குழல் வாசிப்பாள். அப்போது எத்தனையோ பேர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். ‘துளசியக்கா வாய்க்குள்ள ஒரு பேண்டு செட்டே குடியிருக்குது’ என்று சூப்பர்வைசர்கூட ஒருநாள் சிரித்துக்கொண்டே போனான். அந்தப் புல்லாங்குழல்தான் இன்றைக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. விழுங்கினாலும் இறங்கவில்லை, இருமினாலும் வரவில்லை, ராத்திரி முழுக்க அதே மெட்டு, புரண்டு படுத்தால் அதுவும் கூடவே புரண்டு படுக்கிறது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயசுப் பெண். வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. கத்தரியை இடது கையில் பிடித்து, பிசிறைப் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுகிறாள். அவள் புருஷன் மோகன்ராசு பீரோக் கதவைச் சாத்தினானாம், விரல் உள்ளே இருந்ததாம். விரல் இருப்பது தெரிந்து சாத்தினான் என்று கோகிலவாணி ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை, அம்மா வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறாள். மோகன்ராசுவின் அம்மா நாச்சம்மாள் இதே மேஜையின் தலைமாட்டில்தான் உட்காருவாள். பழைய ஆள். சூப்பர்வைசர் அவள் வாயைப் பார்த்துத்தான் ஆளை மாற்றுவான். போன வருஷம் மரகதம் இவளை எதிர்த்து ஏதோ பேசிவிட்டாள் என்று மறுநாளே அயர்ன் செக்ஷனுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே நாள் முழுக்க நின்றபடி ஆவியில் வேக வேண்டும். துளசிமணிக்கு வெந்நீர் அண்டாவின் ஆவி பட்டாலே தலை சுற்றும். டாக்டரம்மா வேறு, அனலில் நிற்காதே, ஒருநாள் அப்படியே சாய்ந்துவிடுவாய் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறாள். ஆனால் கோகிலவாணிக்கு அயர்ன் செக்ஷனைவிடப் பெரிசாக ஒன்று காத்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் துளசிமணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது: “அக்கா, நாளைக்குச் சாயந்திரம் அவுரு வண்டியெடுத்துக்கிட்டுக் கம்பெனி கேட்டுக்கே வர்றாராமா, கூட்டிக்கிட்டுப் போறதுக்கு. போறதா வேண்டாமான்னு எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டீங்குது. இன்னைக்கு நாடகத்துல வெண்மதி என்ன பண்றாளோ அதையே நானும் பண்ணிப்போடறேன்.” “அடி ஆத்தா, அது நாடகம் புள்ள!” “இருக்கட்டுங்க்கா. கோயில்ல பூப்போட்டுக் கேக்கறமல்ல? வெள்ளப்பூ வந்தா ஒண்ணு, செவப்புப்பூ வந்தா ஒண்ணு. அந்தப் பூவுக்கு மட்டும் என்னத்தக்கா தெரியுது?” பூவுக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன.

அப்படி வேண்டிக்கொண்டவள் கேட்பதற்கு உட்கார்ந்திருக்கிறாள், சொல்லவேண்டியதோ நேற்று ராத்திரி பார்த்தது. வெண்மதியின் கையை அவள் புருஷன் ஆதித்தன் பின்னால் மடக்கி முறுக்கி, மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போன வாரம். அன்றைக்கு இந்த மேஜையே அவனைத் திட்டியது, துளசிமணி இடித்த இடியில் பீஸ் அடுக்கு சரிந்து விழுந்தது. கையில் கட்டோடு வெண்மதி அம்மா வீட்டில் கிடந்தாள். நேற்று அவன் வந்தான். கையில் மல்லிகைப்பூப் பந்து. வாசலில் நின்றான். காற்றில் அவன் தலைமுடி ஆடியது, வேப்பம்பூ மெதுவாக, மெதுவாக உதிர்ந்தது, புல்லாங்குழல் எழுந்தது. ஐயோ, என்ன குழல் அது! வெண்மதி படி இறங்கினாள், ஒரு படிக்கு ஒரு யுகம். துளசிமணி அழுதுவிட்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதுகூடத் தெரியாமல் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், “நான் அன்னைக்கே சொன்னனல்ல, அவன் மொகவாக்கே திருந்தற மொகவாக்கு. மீசையப் பாரு” என்றார். அவருக்கு எல்லாம் மீசைதான். மேல்நோக்கி முறுக்கினால் கெட்டவன், கீழே படிந்தால் நல்லவன், இல்லவே இல்லையென்றால் துப்பாக்கி வைத்திருப்பவன். பக்கத்து வீட்டுக் குழந்தை தன்ஷிகா தினமும் இவர்களோடுதான் பார்க்கும், இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை. அது தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னது: “பெரிம்மா, அந்த மாமா நல்லவுங்களாயிட்டாங்க.” “எப்படிடி தங்கம் கண்டுபுடிச்ச?” “பாட்டு மாறிருச்சல்ல? கெட்டவுங்களுக்கு டுடும் டுடும்னு வரும். இப்ப பீப்பீ வருது.” அப்போது துளசிமணி சிரித்தாள், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்துவிட்டுத் தூங்கப்போனாள். குழலும் கூடவே வந்து படுத்துக்கொண்டது.

காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. பல் விளக்கிக்கொண்டே வழக்கம்போலக் கதையை ஓட்டிப் பார்த்தாள். வாய் நிறைய நுரை. ஆதித்தன் வாசலுக்கு வந்த இடம். மூக்கால் குழல் வாசிக்கப் பார்த்தாள், நுரையோடு அது வரவில்லை. வராமலே கதை மேலே போயிற்று. அவன் வந்தான். நின்றான். அம்மாவுக்கு முடியவில்லை, வீடு வீடாக இல்லை, வா என்றான். அவள் போனாள். துளசிமணி அப்படியே பிரஷ்ஷோடு நின்றாள். இவ்வளவுதானா? நேற்று அழுதது இதற்கா? மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள், வேப்பம்பூ இல்லாமல், தலைமுடி ஆடாமல். வந்தான், நின்றான், வா என்றான், போனாள். அட! நேற்று நல்லதாக இருந்தது இன்றைக்கு ஏதோ கூசுகிறதே. நுரையைத் துப்பிவிட்டுக் குழலோடு சேர்த்து வாசித்துப் பார்த்தாள். மறுபடி கண் கலங்கியது. நிறுத்தினாள், கலக்கம் போயிற்று. வாசித்தாள், வந்தது. ஸ்விட்சைப் போட்டு அணைத்து விளையாடுகிற குழந்தைபோல அந்தக் குழலைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே குளித்தாள், உடுத்தினாள், வழியெல்லாம் பழைய கதைகளையும் இழுத்துவந்து குழலைப் பிடுங்கிப் பார்த்தாள். சொத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்து வெறுங்கையோடு போன அக்கா? குழல் இல்லாவிட்டாலும் நல்லவள்தான், ஆனால் கொஞ்சம் மக்கு. ஊருக்கு முன்னால் மாமனார் காலில் விழுந்த மருமகள்? குழலைப் பிடுங்கினால் அங்கே ஒன்றுமே இல்லை, ஒரு பெண் தரையில் கிடக்கிறாள், அவ்வளவுதான். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் பரபரத்தது. எதிரே வந்த பால்காரரை நிறுத்தி, அண்ணா, நம்மை எல்லாரையும் குழல் ஊதியே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் சிரிப்பார். தெரிந்ததுதானே என்பார். தெரிந்ததுதான், ஆனால் தெரியவில்லையே.

பிறகு, கம்பெனிச் சந்து திரும்பும்போது, வேண்டாத நினைப்பு ஒன்று வந்து காலைத் தட்டிவிட்டது. அக்காவின் கல்யாணம். துளசிமணி அப்போது பாவாடைச் சிறுமி. மணவறையில் அக்கா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாலி கழுத்துக்கு வரும்போது அக்கா குனிந்த தலையை நிமிர்த்தாமல் ஒரு வார்த்தை சொன்னாள். வேண்டாம் என்றாள். அந்த நேரம் பார்த்து, கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று பெரியப்பா கையை ஆட்ட, தவில் கொட்டியது, நாயனம் உச்சியில் ஏறியது, அரிசி பறந்தது. மண்டபத்தில் எல்லாரும் சிரித்தபடி கண்ணைத் துடைத்தார்கள். வேண்டாம் என்றது விளக்கைப் பிடித்தவள் காதில் மட்டும் விழுந்தது. விழுந்ததா? மேளத்தில் தனக்குத்தான் அப்படிக் கேட்டதோ? அம்மாவிடம் கேட்கலாம் என்று நினைத்து நினைத்து அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள், போனால் முறுக்குச் சுட்டுத் தருவாள், அந்த ஆள் வண்டிச் சத்தம் கேட்டதும் பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் விழுங்குவாள். மேளம் ஒரு நொடி பிந்தியிருந்தால்? மேளக்காரன் மூக்கைச் சொறிய ஒரு நொடி கையை எடுத்திருந்தால்? போதும், போதும், காலங்காத்தால எதற்கு இது என்று அவள் தலையை உதறிக்கொண்டாள். உதறியும் உள்ளங்கையில் அந்த விளக்கின் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

விரல் வைத்து உள்ளே வந்ததும், லாக்கர் பக்கம் நாச்சம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம். “துளசி, நேத்து வெண்மதி புருசன் ஊட்டுக்குப் போயிட்டாளாமா? என்ற தங்கச்சி ராத்திரியே போன் போட்டுச் சொல்லிப்போட்டா.” “ஆமாங்க்கா, போயிட்டாளுங்க.” “பாத்தயா! பொம்பளைன்னா அது. இன்னைக்கு வெலாவாரியாச் சொல்லோணும், ஆமா. இடி மின்னலு புல்லாங்குழலு ஒண்ணு உடாதே. எங்கூட்டுப் புள்ளையும் கேட்டுப் புத்தி தெளியட்டும்.” சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினாள். தட்டிய கை அங்கேயே கொஞ்சம் தங்கியது. “அயர்ன்ல ஆள் பத்தலைன்னு சூப்பர்வைசர் புலம்பறாப்ல. உன்ற பேரத்தான் சொன்னாப்ல. நாந்தான், அவளுக்கு ஆவி ஆவாது சாமீன்னு தடுத்து வெச்சிருக்கறேன்.” இதைச் சொல்லும்போதும் முகம் சிரித்தபடிதான் இருந்தது. இதற்கு எந்தச் சங்கீதம் போடுவார்கள், குழலா, டொய்ங்கா? துளசிமணிக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன.

மணி அடித்தது. பண்டல்கள் வந்து விழுந்தன. கத்தரிகள் கிச்கிச்சென்று ஆரம்பித்தன. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு காதை இவள் பக்கம் திருப்பினார்கள். துளசிமணி ஒரு பனியனை விரித்தாள், அதன் கழுத்துக்குள் பார்த்தாள், அங்கே என்ன எழுதியிருக்கிறது? குழலோடு சொன்னால் இந்தப் பெண் போய்விடுவாள், சாயங்காலமே வண்டியில் ஏறிவிடுவாள். கதையை மாற்றி, வெண்மதி போகவில்லை என்று சொன்னால் நாச்சம்மாள் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வாள், நாளைக்கு ஆவியில் நிற்க வேண்டும். பார்க்கவில்லை, கரண்டு போய்விட்டது என்றால்? லாக்கர் பக்கம் வாயை விட்டாயிற்றே. விடாமல் இருந்தாலும் நாச்சம்மாளே சொல்லுவாள், தங்கச்சி சொன்ன பாட்டைத் தானே பாடிச் சொல்லுவாள். ஆறாம் வகுப்பில் கணபதி வாத்தியார் ஒரு கதை படித்தது ஞாபகம் வந்தது. கிழ எருதைக் கசாப்புக்கு ஓட்டிப்போகச் சொல்கிறார் அப்பா. மூத்தவன் சரி என்று கயிற்றை எடுக்கிறான். அதற்குள் இளையவன் அவிழ்த்துவிட்டு, கயிறு தானாக அவிழ்ந்துகொண்டது அப்பா என்கிறான். இதில் யார் நல்லவன் என்று வாத்தியார் கேட்டார். துளசிமணி எழுந்து, சின்னவனுங்க சார் என்றாள். பொய் சொன்னவன் எப்படியம்மா நல்லவன், உட்கார் என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, பனியனுக்கு வந்துவிட்டாள். அந்தப் பதில் மட்டும் தப்பாகவே உள்ளே நின்றுவிட்டது. எந்தக் கதை கேட்டாலும் யாரோ ஒருவர் சரியான விடையைக் கையில் மறைத்து வைத்திருக்கிறார் என்று அன்றிலிருந்து ஒரு பயம். “என்ன புள்ள, கதை எங்கயாவது மாட்டிக்கிச்சா? நூல் புடிச்சு இழுத்து உடட்டுமா?” என்றாள் பூவாத்தாள். இந்த மேஜையிலேயே மூத்தவள் அவள், வாய்த்துடுக்கு. கோகிலவாணி வருகிற அதே வேனில்தான் இவளும் வருவாள். மேஜை சிரித்தது. கோகிலவாணி சிரிக்கவில்லை. இடது கையில் கத்தரி நின்றது.

“வந்தானுங்க” என்றாள் துளசிமணி. குரல் எங்கிருந்தோ வந்தது. “யாரு?” “ஆதித்தன். வெண்மதியோட அம்மா ஊட்டுக்கு. வாசல்ல வந்து நின்னான். கையில மல்லியப்பூ.” இந்த இடம்தான். குழல் தொண்டை வரைக்கும் வந்து, மூக்கின் வாசலில் நின்று, திறந்துவிடு என்றது. நாச்சம்மாள் கண்ணை அரைவாசி மூடிக் காத்திருந்தாள். துளசிமணி கையிலிருந்த பனியனின் பிசிறைப் பல்லில் வைத்துக் கடித்தாள். நூல் அறுந்தது, குழல் உள்ளே போயிற்று. “அம்மாளுக்கு ஒடம்புக்கு முடியல, ஊடு ஊடா இல்லைன்னான். வான்னான்.” “அப்பறம்?” “பூவ நீட்டுனான்.” “அப்பறம்?” “அவ வாங்கிக்கிட்டா. எறங்குனா. போயிட்டா.” அவ்வளவுதான். நடந்தது நடந்தபடி, ஒன்றைக் கூட்டவில்லை, பார்த்த எவளும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மேஜையில் அந்த வார்த்தைகள் ஈரத்துணிபோலப் பொத்தென்று விழுந்து கிடந்தன. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும். பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடுவரைக்கும் வந்துவிட்டதுபோல அவளுக்கு ஒரு பயம், ஒரு ஆனந்தம். பூவாத்தாள் பனியனைத் திருப்பிப் போட்டாள். அவளுக்குக் கதையில் ஒரே ஒரு அளவுதான். யார் வந்தாலும், சாப்பிட்டயான்னு கேட்டானா, கேக்கலையா என்று கேட்டுவிட்டுத்தான் அவனை நல்லவனில் சேர்ப்பதா கெட்டவனில் சேர்ப்பதா என்று முடிவு செய்வாள். இன்றைக்கும் கேட்டாள், வேறொன்று: “ஏம் புள்ள, கையப் பத்திக் கேட்டானா?” “எந்தக் கைங்க?” “அவன் முறுக்குனானல்ல, அந்தக் கை. கட்டுப் போட்டிருக்கறாளல்ல. வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டானா?”

துளசிமணி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நேற்றைய வாசலுக்குத் திரும்பிப் போய், வேப்பம்பூவையெல்லாம் விலக்கிவிட்டு அவன் வாயையே பார்த்தாள். அட, இதுதானா! காலையிலிருந்து பிரஷ்ஷோடு நின்று கூசியது இதற்குத்தானா! அந்தக் கட்டு வெள்ளையாக அவ்வளவு பெரிசாகத் தெரிந்ததே, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததே, குழல் ஊதும்போது எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று? “இல்லீங் ஆத்தா” என்றாள். “கேக்கலீங்.” “கேக்கலையா?” என்றாள் ஓரத்தில் இருந்த ஒருத்தி. “காப்பி வெக்க ஆளில்லைன்னு வந்திருக்கறான், அவ்வளவுதான்” என்றாள் பூவாத்தாள். “இதுக்கொரு பூவு வேற.” யாரோ களுக்கென்று சிரித்தார்கள், சிரிப்பு மேஜையைச் சுற்றி வந்தது, நாச்சம்மாள் இடத்துக்கு வந்ததும் நின்றது. கோகிலவாணி தன் வலது கையை மேஜைமேல் எடுத்து வைத்தாள். இத்தனை நாள் மடியில் பீஸுக்கு அடியில் கிடந்த கை. மடங்காத இரண்டு விரலையும், முதல் தடவை பார்க்கிறவள்போல, டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “வெண்மதி தப்புப் பண்ணிட்டா.” “ஏய், அது நாடகம்” என்றாள் நாச்சம்மாள். “நாடகந்தானுங்க அத்தை. நாடகத்துல தப்புப் பண்ணிட்டா.” கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டு, “பூவாத்தா ஆத்தா, சாயந்திரம் வேன்ல எனக்குச் சன்னலோரமா ஒரு எடம் புடிச்சு வெய்யுங்க. முன்னால ஏறிருவீங்கல்ல” என்றாள். “பையை வெச்சுப் புடிக்கறேன் கண்ணு, எவ வந்து எடுக்கறான்னு பாக்கறேன்” என்றாள் கிழவி. துளசிமணிக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. விளக்கைப் பிடித்த கையில் இருபத்தைந்து முப்பது வருஷமாக ஒட்டியிருந்த எண்ணெய் காய்கிறதுபோல இருந்தது. கணபதி வாத்தியார் எங்கே இருக்கிறாரோ, உயிரோடு இருக்கிறாரோ, சின்னவனுங்க சார், சின்னவனேதானுங்க சார் என்று மேஜைமேல் ஏறி நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

கத்தவில்லை. டீக்கு மணி அடித்து எல்லாரும் எழுந்தபோது நாச்சம்மாள் எழவில்லை. “துளசி, இங்க வா” என்றாள். முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. “பாட்டு ஒண்ணு வந்துச்சாமா, என்ற தங்கச்சி போன்லயே பாடிக் காட்டுனா. குழலு கேட்டு அழுதுட்டாளாமா அவ. நீ ஏன் அதப் போடல? உடாமச் சொல்லுன்னு சொன்னனா இல்லையா?” பலகையின் அந்தக் கடைசிக்கு இன்னும் ஓர் எட்டுதான். துளசிமணிக்குத் தலை லேசாகச் சுற்றியது, அயர்ன் ஆவி இங்கேயே வந்துவிட்டதா? நிஜத்தைச் சொல்லிவிடலாம், நாச்சம்மாளக்கா, நானுந்தான் அழுதேன், நுரையால்தான் தப்பித்தேன் என்று. சொன்னால் என்ன? சொன்னால் ஆவி. கயிறு தானாக அவிழ்ந்துகொண்டது அப்பா என்று எங்கோ ஒரு பையன் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு நின்றான். “பாட்டுங்களா?” என்றாள் துளசிமணி, கண்ணை அகல விரித்து. “வந்துச்சுங்களா? அந்நேரம் பாத்து எங்கூட்டுக் குக்கரு ஊஊன்னு விசிலடிச்சுக் கெடந்துச்சுங்க்கா, ஒண்ணும் காதுல உழுகல. படந்தான் பாத்தேன். நாளைக்கு வேணும்னா ரெண்டு மடங்காப் போட்டுச் சொல்லிப்போடறனுங்க.” நாச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா, நம்பாவிட்டாலும் கட்டுப் போட்ட கையைப் பற்றி ஆதித்தன் கேட்கவில்லை என்பதை மறுக்க முடியாமல் இருந்தாளா, தெரியவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு டீக்குப் போனாள். அவள் போன பின்னால்தான் துளசிமணிக்குத் தெரிந்தது, மூக்கு தன்னையறியாமல் அந்த மெட்டை முனகத் தொடங்கியிருந்தது. இத்தனை இனிப்பான குழல், விடுவேனா என்றது. பூவாத்தாள் டீ டம்ளரோடு தேன்மிட்டாய் ஒன்றை நீட்டினாள், கதைக்கு இது என்று. காலையில் நுரை அடைத்ததுபோல இதுவும் குழலை அடைக்கட்டும் என்று துளசிமணி அதை அவசரமாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மணி மறுபடி அடித்து மிட்டாய் முழுக்கக் கரைகிறவரைக்கும் உதட்டைத் திறக்கவே இல்லை.